23 வயசில எம்எஸ் எண்டு சொல்லிப்போட்டினம், இனி என்ன செய்யிறது?

தம்பி கேட்டது இதுதான்: தங்கச்சிக்கு 23 வயசு, கம்பஸில கடைசி வருஷம். போன வருஷம் ஒரு கண் மங்கி, ரெண்டு மூண்டு கிழமையில தானாச் சரியாகிட்டுது, கண்ணாடி மாத்தோணும் எண்டு நினைச்சு விட்டாச்சு. இப்ப இடுப்புக்குக் கீழ விறைப்பு வந்து ஸ்கான் எடுத்துப் பாத்திட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமா எம்எஸ், எண்டு சொல்லிப்போட்டினம். அம்மா ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டக்கூடாது எண்டு நிக்கிறா, லண்டன் மாமா ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கிறன் எங்க குடுக்கிறது எண்டு கேக்கிறார், தங்கச்சி தானும் ஏதும் ஆராய்ச்சிக்கு உதவலாமோ எண்டு கேக்கிறா. படிப்பு, வேலை, கலியாணம் இனி என்ன மாதிரி?

நான் டொக்டர் இல்லை, ஃபிசியோதெரபிஸ்ட். முதல் கொழும்பில, பிறகு இங்க யாழ்ப்பாணத்தில, கூடுதலா நரம்பு வருத்தக்காரரோடதான் வேலை. எந்த மருந்து எண்டு தீர்மானிக்கிறது அவவின்ர நியூரோலொஜிஸ்ட், நரம்பு டொக்டர். எண்டாலும் மருந்தைத் தொடாமல் இந்த வருத்தத்தைப் பற்றிக் கதைக்கேலாது, அதால அதையும் கொஞ்சம் சொல்லுறன், நீளமா வரும், ஆறுதலா வாசியுங்கோ.

சீவியம் முடியேல்ல. முதல் அதைச் சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லுறன். இது உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி ஆள் மாறித் தன்ர நரம்பையே அடிக்கிற வருத்தம். மூளை, முள்ளந்தண்டுக்குள்ள போற நரம்பு, கண் நரம்பு, இந்த மூண்டு இடத்திலயும் நரம்பு நாரைச் சுத்தி மயலின் எண்டு ஒரு உறை இருக்கு, கரண்ட் வயருக்கு மேல இருக்கிற றப்பர் மாதிரி, அதை அங்கங்க அரிச்சு விடுது, அரிச்ச இடத்தால செய்தி மெதுவாப் போகும் இல்லாட்டிப் போகாது. எந்த இடம் அரிபடுதோ அந்த இடத்தின்ர வேலைதான் குழம்பும், அதாலதான் ஒருத்தருக்குக் கண், இன்னொருத்தருக்குக் கால், வேறொருத்தருக்கு மூத்திரம் போறதில கரைச்சல் எண்டு ஆளுக்கு ஆள் மாறி வரும். தொத்து வருத்தம் இல்லை. உலகத்தில 29 லட்சம் பேர் மட்டில இதோட இருக்கினம், கூடுதலா 20 வயசுக்கும் 40க்கும் இடையிலதான் பிடிபடுறது, பொம்பிளையளுக்கு ஆம்பிளையளை விட ரெண்டு மூண்டு மடங்கு கூட. அவ சாப்பிட்டதாலயோ ஃபோன் பாத்ததாலயோ வந்ததில்லை, ஏழரைச் சனியும் இல்லை, ஆரும் செய்வினை வைக்கவும் இல்லை.

அம்மா பயப்பிடுறது வீல்செயாரை நினைச்சு எண்டு விளங்குது. அது மருந்தில்லாத காலத்துக் கதை. 1868இல பாரிசில ஷார்க்கோ எண்ட டொக்டர் இந்த வருத்தத்தை வடிவா விவரிச்சவர், அதுக்குப் பிறகு 125 வருஷம் இதின்ர போக்கை மாத்திற மருந்து எண்டு ஒண்டும் வரேல்ல. 1993இலதான் முதல் ஊசி, இன்டபெரோன் பீட்டா, அமெரிக்காவில அனுமதி எடுத்தது. 1996இல கிளாற்றிரமர், 2010இல ஃபிங்கோலிமொட் எண்ட முதல் குளிசை, 2017இல ஒக்ரெலிசுமாப், இப்ப ஒரு டசினுக்கு மேல இருக்கு. 100 பேரில 85 பேர் மட்டில உங்கட தங்கச்சி மாதிரி வந்து வந்து போற வகையிலதான் துவங்கிறவை, இருக்கிற மருந்துகள் ஆக நல்லா வேலை செய்யிறதும் இந்த வகைக்குத்தான்.

ஆனா ஒரு விசயத்தை வீட்டில எல்லாரும் விளங்கிக்கொள்ள வேணும். மருந்து ஏற்கனவே அரிபட்ட இடத்தைத் திருப்பிக் கட்டாது, புதுசா அரிபடுறதைத்தான் குறைக்கும். விறைப்புப் போய், பிள்ளை பழையபடி ஸ்கூட்டியில ஓடித்திரியேக்க, “இப்ப சுகம்தானே, ஏன் உந்த மருந்து, ஏதும் பக்கவிளைவு வந்திடும்” எண்டு அம்மா சொல்லுவா, கட்டாயம் சொல்லுவா. அந்த நேரத்திலதான் மருந்து வேணும். வெளியில ஒண்டும் தெரியாத மாசங்களிலயும் எம்ஆர்ஐயில புதுப் புள்ளியள் வரும், முதல் அஞ்சு பத்து வருஷத்தில விடுற இடைவெளிக்குத்தான் பிறகு நாப்பது வயசில கணக்குக் கேக்கும். நான் பாத்ததில கால் கூடப் பழுதாப்போன இளம் ஆக்களில கனபேர் மருந்து வேலை செய்யாமல் அப்பிடி ஆகினவை இல்லை, நல்லா இருக்கு எண்டு கிளினிக்கை விட்டவை.

டொக்டரிட்ட அடுத்த முறை மரியாதையா ஒரு கேள்வி கேளுங்கோ: அக்குவாபோரின் 4, மொக் எண்ட ரெண்டு அன்டிபொடி ரத்த டெஸ்டும் செய்தாச்சோ? நியூரோமயலைற்றிஸ் ஒப்டிக்கா எண்டு ஒரு வருத்தம் இருக்கு, அதுவும் கண்ணையும் முள்ளந்தண்டு நரம்பையும்தான் அடிக்கும், எங்கட பக்கத்து நாடுகளில வெள்ளைக்காரரின்ர நாடுகளை விட அதின்ர பங்கு கூட. எம்எஸ்ஸுக்குக் குடுக்கிற சில மருந்து, இன்டபெரோன், ஃபிங்கோலிமொட் மாதிரி, அந்த வருத்தத்தைக் கூட்டிவிடும். கூடுதலா டொக்டர்மார் அதைப் பாத்திட்டுத்தான் பெயரே சொல்லுவினம், எண்டாலும் ரிப்போட்டின்ர பிரதி உங்கட கையில இருக்கோணும். பி12 குறைவு, காசம், லூபஸ் இதுகளையும் விலத்திப் பாக்கிறவை.

இனிப் புதுசா ஏதும் வந்தா அது உண்மையான தாக்கமோ இல்லையோ எண்டு பாக்கிற விதம். புது அறிகுறி ஒண்டு, இல்லாட்டிப் பழையது திடீரெண்டு கூடி, 24 மணித்தியாலத்துக்கு மேல விடாமல் நிண்டு, காய்ச்சலோ கிருமித் தொற்றோ இல்லாட்டி, அது தாக்கம், வோர்டுக்குப் போக வேணும். மெதில்பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொய்ட்டை நாளைக்கு 1 கிராம் படி 3 தொடக்கம் 5 நாள் ஏத்துவினம். ஏத்தின ராத்திரி நித்திரை வராது, வாய்க்குள்ள இரும்பு கடிச்ச ருசி ஒண்டு நிக்கும், முகம் கொஞ்சம் ஊதும், கோவம் பொத்துக்கொண்டு வரும், எல்லாம் போயிடும். அந்த ஸ்டீரொய்ட் சுகமாகிறதைக் கெதியாக்கும், அவ்வளவுதான், அடுத்த தாக்கத்தைத் தடுக்காது, அதால “ஊசி ஏத்தி மாறிட்டுது” எண்டு நினைச்சுக் கிளினிக்கை விடக்கூடாது.

மற்றப்பக்கம், காய்ச்சலோடயோ மூத்திரக் கிருமியோடயோ பழைய விறைப்புத் திருப்பி வந்தா அது புதுத் தாக்கம் இல்லை, அந்தக் கிருமிக்கு மருந்து எடுத்தா அடங்கும். இதில எங்கட பொம்பிளைப்பிள்ளையள் மாட்டுப்படுற இடம் ஒண்டு இருக்கு. வெளியில டொய்லெட் சரியில்லை எண்டு காலமை வீட்டில இருந்து வெளிக்கிட்டா பின்னேரம் வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டினம். எம்எஸ்ஸில மூத்திரப்பை வடிவா வெறுமையாகாமல் இருக்கலாம், அதுக்கு மேல தண்ணியும் குறைஞ்சா கிருமி வரும், கிருமி வந்தாக் கால் இழுக்கும், கால் இழுத்தா வீட்டில எல்லாரும் பதறுவியள். கொழும்புக்கு ஸ்கானுக்கோ ஊசிக்கோ போறதெண்டா ராத்திரி பஸ்ஸை விட ரெயின் நல்லம், எழும்பி நடக்கலாம், டொய்லெட் இருக்கு.

வெக்கையைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில இருக்கிற ஆளுக்கு எம்எஸ் சொல்லித்தரேலாது. அரிபட்ட நரம்பு உடம்புச் சூடு அரைப் பாகை கூடினாலே தடுமாறும். 1890இல ஊட்டொஃப் எண்ட ஜேர்மன் கண் டொக்டர் இதைக் கண்டு எழுதினவர், ஆக்கள் ஓடி ஆடிக் களைச்ச உடன பார்வை மங்குது, ஆறினா வருது எண்டு. சித்திரை வைகாசியில பதினொரு மணி வெயிலுக்குள்ள திருநெல்வேலிச் சந்தியில நிக்கேக்க உங்கட தங்கச்சிக்குக் கண் புகைக்கும், கால் பஞ்சு மாதிரித் துவளும். அது தாக்கம் இல்லை, நரம்புக்குப் புதுசா ஒரு சேதமும் இல்லை, நிழலுக்குப் போய் ஆறினா ஒரு மணித்தியாலத்துக்குள்ள பழையபடி வரும். இது தெரியாட்டி ஒவ்வொரு வெயிலுக்கும் சாகப்போறன் எண்டு பயப்பிடுவா. வேலையளைக் காலமை பத்துக்கு முதல் முடிக்கிறது, கழுத்தில ஈரத் துவாய், சுடுதண்ணிக் குளிப்பு வேண்டாம், கிணத்துத் தண்ணி நல்லம், கரண்ட் போற நேரத்துக்கு ஒரு சார்ஜர் ஃபான். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகட்டும், 25 நாளும் போகட்டும், ஆனா விடியப்பூசைக்கு. மத்தியான மணலில வெறுங்காலோட நிக்க விடாதேங்கோ, வெக்கை மட்டும் காரணமில்லை, விறைச்ச பாதத்துக்குச் சுடுறது தெரியாது, வீட்ட வந்து காலைத் தூக்கிப் பாக்கேக்கதான் கொப்புளம் தெரியும், அப்பிடி வந்த கால்களுக்கு மருந்து கட்டினதை நான் பாத்திருக்கிறன். அம்மா நேத்தி வைச்சிருந்தா அதை அம்மாவே செய்யட்டும்.

என்ர வேலைப் பக்கத்தால ரெண்டு விசயம். முதல், செருப்பு. நடக்கேக்க ஒரு கால் செருப்பு தானாக் கழண்டு பின்னுக்குக் கிடக்க, ஆள் தெரியாமல் ரெண்டடி போயிட்டுத்தான் திரும்பிப் பாக்கிறா எண்டா அந்தக் காலில உணர்ச்சி குறையுது. கழண்டது உடன தெரியுது, ஆனா பிடிச்சு வைச்சிருக்கேலாமல் கிடக்கு எண்டா பலம் குறையுது. ரெண்டும் வேற, பயிற்சியும் வேற. வீட்டு வாசலில கிடக்கிற அவவின்ர பழைய செருப்பைத் திருப்பி அடியைப் பாருங்கோ, ஒரு செருப்பின்ர முன்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா அந்தக் கால் நுனி நிலத்தில உரசுது. பின்னுக்குப் பட்டி வைச்ச செருப்பு வேண்டிக் குடுங்கோ. ரெண்டாவது, கிணத்தடி. முகத்துக்குச் சோப் போட்டுக் கண்ணை மூடினவுடன சரியுறா எண்டா, கால் எங்க நிக்குது எண்டு மூளைக்குச் சொல்லுற நரம்பில பழுது, கண் திறந்திருக்கும்வரை கண்ணாலதான் சமாளிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா. பாசி பிடிச்ச கிணத்தடியில அது தலை உடையிற விசயம். இருந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் கதிரை, பிடிக்க ஒரு கம்பி, வாளியால அள்ளுறதை வேற ஆள் செய்யட்டும். முந்தி எம்எஸ் ஆக்களுக்கு உடற்பயிற்சி வேண்டாம், படுங்கோ எண்டுதான் சொன்னவை, 1990களில செய்த ஆராய்ச்சியளுக்குப் பிறகு அது முழுக்க மாறிட்டுது. காலமையில நடை, சைக்கிள், கால் பலத்துக்குப் பயிற்சி, எல்லாம் செய்யலாம், செய்யவும் வேணும்.

களைப்பு. இதைத்தான் வீட்டு ஆக்கள் ஆகக் குறைய நம்புறவை. பத்துப் பேரில எட்டுப் பேருக்கு இது வரும், நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாது, பின்னேரம் மூண்டு மணிக்குப் புத்தகத்துக்கு முன்னால இருந்துகொண்டு ஒரு வரியைத் திருப்பித் திருப்பி வாசிப்பா, ஒண்டும் ஏறாது. வெளியில ஆள் வடிவா இருக்கிறதால “பஞ்சி பிடிச்சவள்” எண்டு ஒரு சொல் விழும், அது அவவுக்கு விறைப்பை விட நோகும். தைரொய்ட், இரும்புச் சத்து, நித்திரை, மனச்சோர்வு இதுகளையும் பாக்கச் சொல்லுங்கோ, மனச்சோர்வு இந்த வருத்தத்தோட கனக்க வாறது, அதுக்கும் மருந்து இருக்கு, வெக்கப்பட ஒண்டுமில்லை. பாரமான படிப்பைக் காலமைக்கு வையுங்கோ, மத்தியானம் அரை மணித்தியாலம் படுக்கட்டும். கம்பஸில டீனுக்கோ ஸ்டூடன்ட் கவுன்சிலருக்கோ ஒரு மெடிக்கல் கடிதத்தோட முன்கூட்டியே சொல்லி வைக்கிறது நல்லம், எக்ஸாம் கிழமையில தாக்கம் வந்தாப்போல அப்ப கடிதத்துக்கு ஓடேலாது. வேலை செய்யலாம். நிண்டுகொண்டு வெயிலில செய்யிற வேலையை விட இருந்து செய்யிற வேலை சுகம், அவ்வளவுதான்.

கலியாணம். இதுக்காகத்தான் அம்மா மறைக்கிறா, வேற ஒண்டுக்கும் இல்லை. எம்எஸ் பிள்ளைப்பேறைத் தடுக்காது. தாய்க்கு இருந்தாப் பிள்ளைக்கு வாறதுக்கான வாய்ப்பு 100இல 2, 3 மட்டில, அதுவும் வருத்தம் கூட இருக்கிற மேற்கு நாடுகளின்ர கணக்கு. 1998இல ஐரோப்பாவில 12 நாடுகளில 254 பொம்பிளையளைப் பாத்த ஆராய்ச்சி ஒண்டு வந்தது, கர்ப்பத்தின்ர கடைசி மூண்டு மாசத்தில தாக்கம் நல்லாக் குறையுது, பிள்ளை பிறந்து முதல் மூண்டு மாசத்தில கூடுது, மொத்தத்தில பாத்தாப் பிள்ளை பெறுறதால வருத்தம் மோசமாப் போகேல்ல எண்டு. கவனம் எல்லாம் மருந்திலதான்: டெரிஃப்ளுனோமைட், ஃபிங்கோலிமொட், கிளட்ரிபின் எடுத்துக்கொண்டு கர்ப்பமாகக் கூடாது, அதால கலியாணம் பேசத் துவங்கேக்கயே நியூரோலொஜிஸ்ட்டிட்ட சொல்ல வேணும், கரு தங்கினாப் பிறகு ஓடிப்போய்ச் சொல்லுறதில்லை. மாப்பிள்ளைக்குச் சொல்லுறதோ எண்டா, ஓம், கட்டாயம், எழுத்துக்கு முதல். புரோக்கருக்குச் சொல்லத் தேவையில்லை, ஊருக்கும் தேவையில்லை, அந்தப் பெடியனுக்கும் அவன்ர தாய் தேப்பனுக்கும் தங்கச்சி தானே இருந்து சொல்லட்டும், ஏலுமெண்டா ஒருக்காக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். கட்டினாப் பிறகு ஃபிரிஜ்ஜுக்குள்ள ஊசியை மரக்கறிக்குப் பின்னால ஒளிச்சு வைச்ச பிள்ளை ஒண்டை எனக்குத் தெரியும். கரண்ட் போய் ஊசி பழுதாகினதைக்கூட ஒருத்தருக்கும் சொல்லேலாமல், பழுதாகின ஊசியைப் போட்டுக்கொண்டு இருந்தவ.

ஊரில வாற புத்திமதியளில ஒண்டை மட்டும் சொல்லுறன், மிச்சத்தை நீங்களே சமாளிப்பியள். “எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிற” கசாயம், பவுடர் எண்டு கொண்டுவந்து தருவினம். இந்த வருத்தத்தில எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு இல்லை, அது கூடாத இடத்தில நிண்டு வேலை செய்யுது, அதை அடக்கத்தான் டொக்டர் மருந்து தாறார், மற்றப்பக்கத்தால நாங்கள் அதை உசுப்பேத்தக் கூடாது. விற்றமின் டி குறைவா எண்டு பாத்து, குறைஞ்சா டொக்டர் சொல்லுற அளவுக்கு எடுக்கட்டும். வீட்டில ஆரும் சிகரெட் பத்திறதெண்டா வெளியில போய்ப் பத்தட்டும், புகை இந்த வருத்தத்துக்கு உண்மையாவே கூடாது.

இனி ஆராய்ச்சி. அம்மாவின்ர மறைப்பும் தங்கச்சியின்ர கேள்வியும் ஒண்டுக்கொண்டு முட்டுற இடம் இதுதான்.

1945 மே மாசம் நியூயோர்க்கில சில்வியா லோரி எண்ட ஒரு பொம்பிளை, தன்ர தம்பிக்கு எம்எஸ், டொக்டர்மார் கையை விரிச்சுப்போட்டினம் எண்டு, நியூயோர்க் டைம்ஸ் பேப்பரில ஒரு சின்ன விளம்பரம் போட்டவ, இந்த வருத்தத்தில இருந்து சுகமாகின ஆராவது இருந்தாத் தொடர்பு கொள்ளுங்கோ எண்டு. அம்பதுக்கு மேல கடிதம் வந்தது. சுகமாகினவையின்ர கடிதம் இல்லை, கூடுதலா அவவைப் போலயே வழி தேடிக்கொண்டிருந்த ஆக்களின்ர கடிதம், ஏதும் தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்கோ எண்டு. அந்தக் கடிதங்களை வைச்சுத்தான் 1946இல அமெரிக்காவின்ர எம்எஸ் சங்கத்தைத் துவங்கினவ, 1967இல சர்வதேச எம்எஸ் சம்மேளனம் வந்ததும் அவவாலதான். ஒளிச்சு வைச்சிருந்த குடும்பங்கள் ஒரு இடத்தில பெயர் குடுத்தாப் பிறகுதான் ஆராய்ச்சிக்குக் காசும் ஆளும் சேந்தது.

ஆராய்ச்சி எண்டாத் தலைக்குள்ள ஊசி குத்திறது எண்டு அம்மா நினைக்கிறாவோ தெரியாது. 2022 தை மாசம் ஹார்வர்ட் ஆக்கள் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கோ, எப்ஸ்டீன் பார் வைரஸ் தொத்தினாப் பிறகு எம்எஸ் வாற வாய்ப்பு 32 மடங்கு கூடுது எண்டு காட்டினது. அதுக்கு அவை புதுசா ஒருத்தரையும் குத்தேல்ல. அமெரிக்க இராணுவத்தில எச்ஐவி டெஸ்டுக்கு எடுத்து மிஞ்சின ரத்தத்தை வருஷக்கணக்கா ஃபிரீசருக்குள்ள வைச்சிருந்தவை, ஒரு கோடி ஆக்களின்ர பதிவு, அதில எம்எஸ் வந்த 801 பேரின்ர ரத்தத்தைப் பின்னோக்கிப் பாத்தினம், ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் வருத்தம் துவங்க முதலே வைரஸ் தொத்தியிருந்தது. அந்த வைரஸ் எங்கள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட இருக்கு, கனபேருக்குச் சின்ன வயசிலயே தொத்தி உடம்புக்குள்ள தங்கியிடும், அதால மட்டும் எம்எஸ் வராது. நான் சொல்ல வாறது, திகதி போட்டு ஒழுங்கா வைச்சிருந்த மிச்ச ரத்தம்தான் அந்தக் கேள்விக்கு மறுமொழி குடுத்தது எண்டுறதை.

மருந்து விலையிலயும் அதே கதை. பெரிய கொம்பனி மருந்துகள் எங்கட சம்பளத்துக்குக் கிட்டவும் நிக்காது, அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசம் எண்டாலும் 2022இல டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்ட காலத்தை மறந்திருக்க மாட்டியள். ரிடக்சிமாப் எண்டு ஒண்டு, லிம்போமா கான்சருக்கும் மூட்டு வாதத்துக்கும் கனகாலமாப் பாவிக்கிறது, மலிவான பிரதியள் வந்திட்டுது. எம்எஸ்ஸுக்கும் வேலை செய்யும் எண்டு டொக்டர்மாருக்குத் தெரியும், ஆனா அதை நிரூபிக்கிறதால கொம்பனிக்கு லாபமில்லை. சுவீடன் டொக்டர்மார் பொதுக் காசில சோதிச்சுப் பாத்தவை, 200 பேர் மட்டில, 2 வருஷம், ரிடக்சிமாப் போட்டவையில 100க்கு 3 பேருக்குத்தான் தாக்கம் வந்தது, டைமெதில் ஃபியூமரேட் எண்ட எம்எஸ் குளிசை எடுத்தவையில 100க்கு 16 பேருக்கு வந்தது. 2022இல அது வெளிவந்தது. 2023 ஆடியில உலக சுகாதார நிறுவனம் தன்ர அத்தியாவசிய மருந்துப் பட்டியலில முதல்முறையா எம்எஸ் மருந்துகளைச் சேத்தது, கிளட்ரிபின், கிளாற்றிரமர், ரிடக்சிமாப் எண்டு மூண்டு. எங்களைப் போல நாடுகளில மருந்து வேண்டிற ஆக்களோட கதைக்கேக்க அந்தப் பட்டியல்தான் கையில இருக்கிற ஆயுதம். சுவீடனில ஆரோ ஒருத்தர் பெயர் குடுத்துச் சோதனைக்கு நிண்டதாலதான் யாழ்ப்பாணத்தில இருக்கிற பிள்ளைக்கு அது கேக்கக்கூடியதா இருக்கு. (ரிடக்சிமாப் துவங்க முதல் காசம், ஹெபடைட்டிஸ் பி டெஸ்டும் தடுப்பூசியளும் முடிச்சிருக்கோணும், அதையும் கேட்டு வையுங்கோ.)

சோதனை இல்லாமல் நம்பினா என்ன நடக்கும் எண்டதுக்கும் ஒரு கதை இருக்கு. 2009இல இத்தாலியில சம்போனி எண்ட டொக்டர், கழுத்து நாளம் அடைபட்டதாலதான் எம்எஸ் வருது, அதை ஊதித் திறந்தாச் சுகம் எண்டு சொன்னவர். கனடாவில சனம் கிளர்ந்தெழுந்திட்டுது, ஆயிரக்கணக்கில வெளிநாடுகளுக்குப் போய்க் காசைக் கொட்டிச் செய்தவை. பிறகு கனடாவிலயே 100க்குக் கொஞ்சம் கூடின ஆக்களை வைச்சு, பாதிப்பேருக்கு உண்மையாவும் மற்றவைக்குச் சும்மா செய்த மாதிரிக் காட்டியும் பாத்தினம், 2017இல முடிவு வந்தது, ஒரு வித்தியாசமும் இல்லை. இப்ப எங்கட ஆக்களுக்கு வாற ஆசை இந்தியாவுக்குப் போய் ஸ்டெம்செல் ஊசி போடுறது. பெரிய ஆஸ்பத்திரியளில கீமோதெரபி குடுத்து எதிர்ப்புச் சக்தியை அழிச்சுத் திருப்பி வளக்கிற ஸ்டெம்செல் முறை ஒண்டு உண்மையா இருக்கு, சில ஆக்களுக்குத்தான் அது பொருந்தும், ஆபத்தும் இருக்கு. நாலு ஊசியில எம்எஸ் போயிடும் எண்டு வாட்ஸ்அப்பில வாறது அதில்லை. உண்மையான ஆராய்ச்சி உங்களிட்டக் காசு கேக்காது. காசு கேட்டா அது வியாபாரம்.

தங்கச்சி செய்யக்கூடியது என்ன எண்டா, முதல் அவவின்ர சொந்தப் பதிவு. ஒரு கொப்பி. எந்தத் திகதி என்ன வந்தது, எத்தினை நாள் நிண்டது, காய்ச்சல் இருந்ததோ, என்ன மருந்து எப்ப துவங்கினது, எப்ப மாத்தினது. போன வருஷத்துக் கண் மங்கலை இப்பவே எழுதச் சொல்லுங்கோ, அதுதான் அவவின்ர முதல் தாக்கமா இருந்திருக்கும், இன்னும் ரெண்டு வருஷத்தில அந்தத் திகதி ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. எம்ஆர்ஐ எங்க எடுத்தாலும் சிடியை வேண்டுங்கோ, ரிப்போட் துண்டு மட்டும் காணாது, அடுத்த ஸ்கானோட ஒப்பிட்டுப் பாக்கப் படம்தான் வேணும். கிளினிக் கொப்பி மழையில நனைஞ்சு போறதுக்கு முதல் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில படம் எடுத்து வையுங்கோ. ஒரு டொக்டர் பத்து வருஷத்துக்குப் பிறகு வடமாகாணத்து எம்எஸ் ஆக்களைப் பற்றி எழுத வெளிக்கிட்டா, அவருக்குக் கிடைக்கப்போறது உந்தக் கொப்பியள்தான்.

ரெண்டாவது, கேட்டா மாட்டன் எண்டு சொல்லாமல் யோசிக்கிறது. யாழ்ப்பாண மருத்துவபீடம் 1978இல இருந்து இருக்கு, பெடியள் வோர்டில வந்து கதை கேப்பினம், ஆராய்ச்சிக்குக் கேள்விக்கொத்தோட வருவினம். நரம்பு வருத்தம் படிக்கிற பெடியனுக்கு ஒரு உண்மையான எம்எஸ் ஆளின்ர கண்ணைச் சோதிக்கக் கிடைக்கிறது பெரிய விசயம், நாளைக்கு அவன் கிளிநொச்சியில நிண்டு “கண்ணாடி மாத்துங்கோ” எண்டு இன்னொரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டான். கேள்விக்கொத்தில தமிழ் விளங்கேல்ல எண்டா அதையும் சொல்லட்டும், அதுவும் உதவிதான். மருந்துச் சோதனை எண்டு ஆரும் வந்தா, இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டில இருக்கோ, எந்த நெறிமுறைக் குழு அனுமதிச்சது எண்டு கேளுங்கோ. விளக்கக் கடிதம் தமிழில தர வேணும், வீட்ட கொண்டுபோய் வாசிக்க நேரம் தர வேணும், சேந்தாப் பிறகும் எப்பவும் விலகலாம், விலகினாலும் கிளினிக்கில பாக்கிறது நிக்காது. பெயர் வெளியில வராது, அம்மாவுக்கு அதைத்தான் முதல் சொல்லுங்கோ, பதிவில பெயருக்குப் பதிலா ஒரு இலக்கம்தான் நிக்கும்.

மாமாவின்ர காசுக்கு வருவம். லண்டனில இருக்கிறபடியால் அங்கத்தை எம்எஸ் சொசைட்டிக்குக் குடுக்கலாம், எங்களைப் போல நாடுகளுக்கு மருந்து போய்ச் சேருற வேலைக்கு எண்டால் சர்வதேச எம்எஸ் சம்மேளனம், 2023 பட்டியலுக்கு விண்ணப்பம் போட்ட வேலையில முன்னுக்கு நிண்டவை அவைதான். வைகாசி 30 உலக எம்எஸ் நாள், அதை ஒட்டி நடை, ஓட்டம் எண்டு கனக்க நடக்கும், கனடாவில இருக்கிற ஆக்களுக்கும் உது தெரியும், அந்த நாட்டில இந்த வருத்தம் உலகத்திலயே ஆகக் கூட இருக்கிற இடங்களில ஒண்டு.

ஆனா காசை விட மாமாவால செய்யக்கூடிய வேற ஒரு வேலை இருக்கு. எங்கட ஆக்கள் குடிபெயர்ந்து போன நாடுகளில, அங்க பிறந்த பிள்ளையளுக்கு எம்எஸ் வாறது பெற்றாரை விடக் கூட, 1990இலயே இங்கிலாந்தில அதைக் காட்டிப்போட்டினம், இந்தியத் துணைக்கண்டத்தில இருந்தும் கரிபியனில இருந்தும் போன ஆக்களின்ர பிள்ளையளைப் பாத்து. ஆக, லண்டன் ஹரோவிலயும் கனடா ஸ்கார்பரோவிலயும் எங்கட பிள்ளையளுக்கு இது இருக்கு, அங்கயும் அம்மாமார் மறைக்கினம். மருந்துச் சோதனையளில கூடுதலா வெள்ளைக்காரர்தான், எங்கட உடம்பில அந்த மருந்து என்ன செய்யுது எண்டு பாக்க ஆள் காணாது. 2011இல துவங்கின பிரிட்டிஷ் எம்எஸ் ரெஜிஸ்டர் ஒண்டு இருக்கு, அங்க வசிக்கிற எம்எஸ் ஆக்கள் வீட்டில இருந்து ஒன்லைனில தங்கட நிலையை நிரப்பலாம். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்து ஆக்கள் அடம்ஸ் எண்ட பெயரில, ஐரோப்பியர் இல்லாத ஆக்களின்ர மரபணுவைப் பாக்க எண்டே, எச்சில் சேத்து ஆராய்ச்சி செய்தவை. ஒரு சின்னக் குழாய்க்குள்ள துப்பித் தபாலில அனுப்புறதுதான் வேலை. மாமாவின்ர கோயில் ஆக்களுக்குள்ள, தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆக்களுக்குள்ள எம்எஸ் இருக்கிற ஒருத்தரையாவது அவருக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லாட்டி விசாரிச்சா வருவினம், அவையை அந்த ரெஜிஸ்டரில பெயர் பதியச் சொல்லிக் கேக்கட்டும். காசை அதுக்குப் பிறகு அனுப்பட்டும்.

கிளினிக் நாள் வர முதல் அந்த அன்டிபொடி ரிப்போட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கோ, டெஸ்டின்ர பெயரும் திகதியும் போட்டு இங்க எழுதினா அடுத்ததா என்ன கேக்கலாம் எண்டு நான் சொல்லுறன்.